பாடத்தில் பன்மை, பந்தியில் பாகுபாடு

தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் குடிமையியலின் முதல் பாடம் ‘பன்முகத் தன்மையினை அறிவோம்’, அடுத்தது ‘சமத்துவம் பெறுதல்’. பாடங்களில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோவை சரவணம்பட்டிப் பக்கத்து மாணவருக்கு அந்தப் பாடம் காட்டும் இந்தியா தூர தேசமல்ல. சத்தி ரோட்டில் ஐ.டி. நிறுவனங்கள், கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம், எங்கு பார்த்தாலும் எழும்பும் அடுக்குமாடிகள், சற்றுத் தள்ளிக் கணபதியில் பவுண்டரிகள், பம்பு மோட்டார் பட்டறைகள். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த இந்தப் பழைய பேரூராட்சியை நோக்கி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். பாடம் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்போது அதைப் புத்தகத்தில் மட்டும் தேடுவானேன்?

வெளியூர்க்காரர்கள் வந்துதான் இங்கே பன்மை முளைத்தது என்று நினைத்தால் அதுவும் பிசகு. கொங்கு நாட்டில் நாயுடு, அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தேவாங்கர், ஒக்கலிகர் வீடுகளில் கன்னடம். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளம் எப்போதோ வந்துவிட்டது, ஆனைகட்டி மலையில் இருளர் மொழி இருக்கிறது. “வீட்டில் என்ன பேசுவீர்கள்?” என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே பாதிப் பாடம் நடந்துவிடும். மீதிப் பாதிதான் கடினம். ஆண்டு விழாவில் ஒரு பிள்ளைக்குப் பஞ்சாபித் தலைப்பாகையும் இன்னொன்றுக்குக் கேரளச் சேலையும் கட்டி மேடையேற்றுவதில் யாருக்கும் சங்கடம் வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, பெரும்பாலான பள்ளிகளில் பன்மை அந்த மாறுவேடத்தோடு முடிந்துவிடுகிறது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. 2018 ஜூலையில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஊரில் ஒரு தரப்பினர் எதிர்த்தார்கள். அவரை இடம் மாற்றி அதிகாரிகள் உத்தரவு போட்டு, கண்டனம் கிளம்பிய பிறகே அதைத் திரும்பப் பெற்றார்கள். தீண்டாமை பாவம் என்ற வாசகத்தை நம் பாடநூல்கள் பல ஆண்டுகளாக முன்பக்கத்திலேயே அச்சிட்டு வந்தவை. வாசகம் மனப்பாடமாவது வேறு, பந்தியில் உட்காருவது வேறு.

குடிமைப் பண்பைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது, பள்ளி தன் அன்றாட நடப்பால் அதைப் பழக்க வேண்டும் என்பதே என் வாதம். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1999-இல் 28 நாடுகளில் 14 வயது மாணவர்கள் ஏறத்தாழ 90,000 பேரிடம் ஒரு சர்வதேச ஆய்வு நடந்தது. கருத்து வேறுபாட்டை அஞ்சாமல் பேச இடமிருந்த வகுப்புகளின் பிள்ளைகளே குடிமை அறிவில் மேலாக இருந்தார்கள். இந்தியா அதில் பங்கேற்கவில்லை. அதற்காக நம் பிள்ளைகள் மட்டும் வேறு விதமாகக் கற்பார்கள் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

சாதியையும் மதத்தையும் வகுப்பில் பேசினால் இல்லாத புகைச்சல் கிளம்பும் என்று ஆசிரியர்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் புகைச்சல் இல்லாமலா இருக்கிறது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரை உடன் படித்தவர்களே வெட்டிய பிறகுதான் நீதிபதி கே. சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்த அந்தக் குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்றது. கயிற்றை அவிழ்ப்பது அவசியம். கயிறு எதற்கு என்று பேசவே கூடாது என்றால் அது வேறு உருவில் திரும்பி வரும். பேசாமல் விட்ட இடத்தை வாட்ஸ்அப் நிரப்பிக்கொள்ளும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரிக்க வேண்டியதாயிற்று. அந்த வீடியோ எங்கே எடுத்தது, யார் பரப்பினார்கள், ஏன் நம்பினோம் என்று கோவைப் பள்ளியில் ஒரு பீரியட் விவாதித்தால், அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் நாடெங்கும் சென்று குடியிருக்கும் உரிமை வெறும் மூன்று மார்க் கேள்வியாக நின்றுவிடாது.

மற்றொரு ஆட்சேபம் மொழி பற்றியது. வடமாநிலப் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் அதன் வழியே இந்தி உள்ளே வரும் என்ற கவலையை, தமிழ்நாட்டின் வரலாறு தெரிந்த யாரும் எள்ளி நகையாட முடியாது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அந்தப் பிள்ளையையும் தமிழ் படிக்கத்தான் வைக்கிறது, வைக்கவும் வேண்டும். தமிழைச் சரியாகக் கற்றுத்தருவதுதான் அவனுக்குச் செய்யும் முதல் நீதி. இடைவேளையில் அவன் போஜ்புரியிலோ ஒடியாவிலோ பேசினால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. தாராவிக்குப் பிழைக்கப் போன நம் மக்களின் பிள்ளைகளுக்கு மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தியிருக்கிறது. அங்கே உரிமை என்று நாம் வாங்கிக்கொண்டதை இங்கே சலுகை என்று சொல்ல முடியுமா?

“இவர்கள் நிலையாக இருக்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள்” என்பதும் உண்மைதான். ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எத்தனை மாதம் இருப்பாய் என்று கேட்பதில்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ப இடம். இதற்கு இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை, பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். கட்டட வேலைக்குப் போகும் ஓர் ஒடியாத் தாயும் ஓர் அருந்ததியர் தாயும் அந்தக் குழுவில் அமர்ந்து கழிப்பறைத் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்க முடியும். அதற்கு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும், அழைப்பை அவர்களுக்குப் புரியும் மொழியிலும் சொல்லியனுப்ப வேண்டும். அதைத் தலைமையாசிரியர் எந்த அரசாணைக்கும் காத்திராமல் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.