கடல் தாண்டும் செவிலியர் – 9: கடிதத்தைப் படிக்கப்போவது யார்?

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பட்டியலில் பலரை மாதக்கணக்கில், சிலரை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது ஆங்கிலத் தேர்வுதான். இவர்கள் நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங்கை ஆங்கிலத்திலேயே படித்தவர்கள். கேஸ் ஷீட்டும் மருந்து அட்டவணையும் தினமும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள். நெருக்கடி நேரத்தில் டாக்டரிடம் ஆங்கிலத்தில் நிலைமையைச் சொல்லத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் ஏன் தடுமாறுகிறார்கள்?

பெரும்பாலோர் இதை மொழி அறிவைச் சோதிக்கும் தேர்வு என்று நினைத்துத் தயாராகிறார்கள். அவர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வு, மொழியைக் கொண்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்கும் தேர்வு. இந்த வேறுபாடு பிடிபட்டால் தயாரிப்பு முறையே மாறிவிடும்.

தேர்வு பிறந்த காரணம்

ஓ.இ.டி. ஆஸ்திரேலியாவில் பிறந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கே பணியில் சேருமுன் அவர்களின் ஆங்கிலத்தை அளக்க அரசுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. மெல்போர்னைச் சேர்ந்த மொழியியலாளர் டிம் மெக்நமாரா 1980களின் பிற்பகுதியில் இதை வடிவமைத்தார். வார்டில் என்ன செய்வார்களோ அதையே தேர்விலும் செய்யச் சொல்வோம் என்பது அதன் அடிப்படை. இன்று 12 மருத்துவத் துறையினர் இதை எழுதுகிறார்கள். கேட்டலும் வாசித்தலும் எல்லாருக்கும் பொது. எழுதுவதும் பேசுவதும் அவரவர் துறைக்குத் தனி.

பிரிட்டனின் பதிவு அமைப்பான என்.எம்.சி. 2017 நவம்பரிலிருந்து இதை ஏற்கிறது. அதுவரை நம்மவர்களுக்கு இருந்த முக்கிய வழி ஐ.இ.எல்.டி.எஸ். அகாடெமிக். அதில் ஒரு வரைபடத்தை விவரித்து 150 சொற்களும், பொதுவான ஒரு தலைப்பில் 250 சொற்களும் எழுத வேண்டும். ஓ.இ.டி.யில் எழுத வேண்டியது ஒரு நோயாளியைப் பற்றிய ஒரே கடிதம். எந்தத் தேர்வு தனக்குச் சரிவரும் என்பதை அவரவர் மாதிரித்தாளை எழுதிப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த வாரம் நாம் ஓ.இ.டி.யை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

என்.எம்.சி. கேட்கும் மதிப்பெண் இதுதான்: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி', அதாவது 500க்கு 350. எழுதுவதில் 'சி பிளஸ்', அதாவது 300. எழுத்துக்கான இந்தத் தளர்வு 2021இல் வந்தது. இரண்டு முறை எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டவும் நிபந்தனைகளோடு இடமுண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால் பணம் கட்டுமுன் என்.எம்.சி.யின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் பலர் வாங்கும் ஒரு மாதச் சம்பளத்தைவிட, ஒரு முறை தேர்வெழுதும் கட்டணம் அதிகம். அதனால்தான் அவசரப்பட்டுத் தேதி போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரே நோயாளி, இரண்டு கடிதங்கள்

பலரும் தடுக்கி விழும் பகுதி எழுத்து. மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும். அடுத்த 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொற்களுக்குள் கடிதம் எழுத வேண்டும். கொடுத்திருக்கும் குறிப்பு நீளமானது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

பழகிப் பார்க்க ஒரு குறிப்பை நாமே உருவாக்கிக்கொள்வோம். 78 வயது அம்மையார். கணவர் சென்ற ஆண்டு காலமானார். மாடி வீட்டில் தனியாக இருக்கிறார், படுக்கையறை மேல்தளத்தில். மகள் வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் நாள் லேசான காய்ச்சல், மறுநாள் தணிந்தது. தையல் பின்களை 14ஆம் நாள் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் ஊசி 28 நாள் வரை தினமும் போட வேண்டும். தானே போட்டுக்கொள்ள அவருக்குப் பயம். பெனிசிலின் ஒவ்வாமை உண்டு. 1986இல் பித்தப்பை அகற்றப்பட்டது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதத்தில் நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குறுக்கெழுத்துப் போட்டியில் ஆர்வம். இன்று டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

பலர் முதல் வரியிலிருந்தே குறிப்பை வாக்கியங்களாக மாற்றிக்கொண்டே போவார்கள். 1986 பித்தப்பையும் வரும், குறுக்கெழுத்தும் வரும். ஊசி கடைசிப் பத்தியில் தலைகாட்டும். இலக்கணம் பிழையில்லாமல் இருந்தாலும் மதிப்பெண் இறங்கிவிடும்.

திருத்துபவர்கள் ஆறு அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறார்கள்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடிதத்துக்குரிய நடை, அமைப்பு, மொழி. இலக்கணம், சொல்வளம், எழுத்துப்பிழை எல்லாம் சேர்ந்து கடைசி ஒன்றில்தான் அடங்குகின்றன. மற்ற ஐந்தும், படிப்பவருக்கு இது உதவுமா என்ற ஒரே கேள்வியின் பல முகங்கள்.

அந்தச் செவிலியர் நாளைக் காலை என்ன செய்ய வேண்டும்? ஊசி போட வேண்டும், காயத்தைப் பார்க்க வேண்டும், குறித்த நாளில் பின்களை எடுக்க வேண்டும். ஆகவே யார், என்ன அறுவை சிகிச்சை, இன்று வீட்டுக்கு வருகிறார், உங்களிடம் கேட்பது இந்த மூன்று உதவிகள் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். '14ஆம் நாள்' என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? பின் எடுக்கும் தேதியையும் ஊசி முடியும் தேதியையும் கணக்கிட்டு எழுதுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை கட்டாயம் வேண்டும், நாளை காயத்தில் சீழ் வைத்தால் மருந்து தேர்ந்தெடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஊசி பற்றிய பயமும் வேண்டும், தினமும் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கே அதுதான் காரணம். எடை குறைவும் தனிமையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரலாம். பித்தப்பையும் குறுக்கெழுத்தும் வேண்டாம். தணிந்துபோன காய்ச்சலுக்குப் பதிலாக, காயம் இன்று எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதும்.

இப்போது அதே குறிப்பை வைத்து இயன்முறை மருத்துவருக்கு எழுதிப் பாருங்கள். மாடிப்படியும் மேல்தளப் படுக்கையறையும் மேலே வந்துவிடும். குளியலறையில் விழுந்த விதம் முக்கியமாகிவிடும். ஊசி அரை வரியில் முடிந்துவிடும். நோயாளி மாறவில்லை, ஆங்கிலம் மாறவில்லை. படிப்பவர் மாறியதால் கடிதம் முழுக்க மாறிவிட்டது. இந்த ஒரு பயிற்சி கற்றுக்கொடுப்பதை நூறு கடினச் சொற்களின் பட்டியல் கற்றுக்கொடுக்காது.

எல்லா நோயாளிக்கும் பொருந்தும் மனப்பாடத் தொடக்கமும் முடிவும் சில பயிற்சி மையங்களில் தருகிறார்கள். அவற்றை நம்பி ஏமாற வேண்டாம். 200 சொல்லுக்குள் எழுதும் கடிதத்தில் அலங்கார வரிகள் 40 சொற்களை விழுங்கினால், நோயாளிக்கு மிஞ்சுவது எவ்வளவு?

சொல்லுமுன் கேளுங்கள்

பேச்சுத் தேர்வில் இரண்டு காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தருவார்கள். 3 நிமிடம் தயாராகலாம், சுமார் 5 நிமிடம் பேசலாம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். மதிப்பெண் போடுவது அவரல்ல. பதிவான உரையாடலைப் பின்னர் வேறு தேர்வாளர்கள் கேட்டு மதிப்பிடுகிறார்கள்.

மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கவனித்தேன். 55 வயது நீரிழிவு நோயாளி, இன்சுலின் வேண்டாம் என்கிறார் என்பது காட்சி. பயிற்சிக்கு வந்த செவிலியர் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர். இன்சுலின் என்றால் என்ன, எங்கே போடுவது, எப்படிப் பாதுகாப்பது என்று தடையில்லாத ஆங்கிலத்தில் அடுக்கினார். நோயாளியாக நடித்தவர் ஆமாம், சரி என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் பயிற்றுநர் கேட்டார்: "சிஸ்டர், அவர் ஏன் வேண்டாம்னு சொல்றார்னு கேட்டீங்களா?"

"இல்ல மேடம். டைம் போயிடும்னு நெனச்சேன்."

"உங்க வார்டுல ஒருத்தர் இப்படிச் சொன்னா என்ன செய்வீங்க?"

"பக்கத்துல உட்கார்ந்து, என்ன ஐயா பயம்னு கேட்பேன். இன்சுலின் போட ஆரம்பிச்சா அவ்வளவுதான்னு நெறைய பேர் நம்புறாங்க மேடம்."

"அதையே இங்கயும் கேளுங்க."

இரண்டாம் முறை கேட்டார். இன்சுலின் போட ஆரம்பித்த பிறகுதான் தன் அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள் என்ற கவலை வெளியே வந்தது. நடிப்பவரின் அட்டையில் இப்படி ஒரு கவலை இருக்கும், கேட்டால்தான் வெளிப்படும். அது தெரிந்ததும் பேச வேண்டிய விஷயமே வேறாகிவிட்டது. நீண்ட காலம் கட்டுப்படாத சர்க்கரைதான் காலைக் கெடுக்கிறது, ஊசி அதைத் தடுக்க உதவுகிறது என்று அவர் விளக்கியபோது ஆங்கிலம் முன்னைவிட எளிமையாக இருந்தது. முன்னைவிட நன்றாகவும் இருந்தது.

பேச்சை மதிப்பிடும் ஒன்பது அளவுகோல்களில் நான்கு மொழி சார்ந்தவை. மீதி ஐந்தும் நோயாளியோடு பழகும் விதத்தைப் பார்ப்பவை: நல்லுறவு ஏற்படுத்துதல், அவர் பார்வையைப் புரிந்துகொள்ளுதல், பேச்சை ஒழுங்காகக் கொண்டுசெல்லுதல், தகவல் கேட்டறிதல், தகவல் சொல்லுதல். இதில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலம் என்றதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நோயாளியிடம் வெறும் ஏவலாகப் பேசாமல், 'குட் யூ', 'வுட் யூ லைக்' என்று இசைவு கேட்டுத் தொடங்கிப் பழகுங்கள்.

மற்ற இரண்டு தாள்கள்

வாசித்தலில் கடினமானது முதல் பகுதி. நான்கு சிறு குறிப்புகள், 20 கேள்விகள், 15 நிமிடம். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடப்படும், திரும்பிப் போக முடியாது. இங்கே முழுதாகப் படிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். தலைப்பையும் அட்டவணையையும் கண்ணால் ஓட்டி, மருந்தளவு எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேகம்தான் வேண்டும். கேட்டலில் எல்லாம் ஒரே முறைதான் ஒலிக்கும். முதல் பகுதியில் இரண்டு உரையாடல்களைக் கேட்டுக்கொண்டே 24 இடங்களை நிரப்ப வேண்டும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புகளுக்குக் காது பழக வேண்டும். தினம் அரைமணி நேரமாவது அந்நாடுகளின் மருத்துவ நிகழ்ச்சிகளைக் கேளுங்கள், கேட்கும்போதே குறிப்பெடுங்கள்.

நைட் டியூட்டிக்கு நடுவில் எப்படிப் படிப்பது?

நேரமில்லை என்பது உண்மையான சிக்கல். அதனால் வேலையையே பயிற்சியாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஷிப்ட் முடியும்போது அன்று பார்த்த ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் அடையாளமும் வேண்டாம், கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுக்கவே கூடாது. நினைவிலிருந்து ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த நாள் அதே நோயாளியைப் பற்றி வேறொருவருக்கு எழுதுங்கள். வாரத்தில் நான்கு கடிதம் போதும், ஆனால் கடிகாரத்தை வைத்து எழுத வேண்டும்.

எழுதியதைச் சக செவிலியர் ஒருவரிடம் கொடுங்கள். பிழை திருத்தச் சொல்லாதீர்கள். "நாளைக்கு நீ என்ன செய்யணும்னு இதுல இருந்து சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். முதல் பத்தியைப் படித்ததும் அவர் சொல்லிவிட்டால் கடிதம் சரி. தேடினால் திரும்ப எழுதுங்கள். இலக்கணத்தைத் திருத்த நல்ல ஆசிரியர் வேண்டும், அது இதற்கு அடுத்த வேலை. பேச்சுக்கும் அதே தோழிதான். அவர் மனதில் ஒரு கவலையை ஒளித்து வைத்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் அதை வெளியே கொண்டுவந்தீர்களா என்று பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்ட மாதிரித்தாள்களில் மூன்றை உரிய நேரத்துக்குள் எழுதுங்கள். மூன்றிலும் தேவையான மதிப்பெண்ணுக்கு மேல் வந்த பிறகு தேதி பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் தாமதமானால் ஒரு மாதம்தான் போகும். தயாராகாமல் போனால் சம்பளமும் போகும், நம்பிக்கையும் போகும். இந்த நம்பிக்கையை இழந்து, நல்ல செவிலியர்கள் தங்களையே குறைத்து மதிப்பிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தேர்வு தேடுவது உங்கள் தொழில் நிதானத்தைத்தான். ஆங்கிலத்தை அதற்குப் பின்னால் நடக்கப் பழக்குங்கள்.

அடுத்த வாரம், மருந்துக் கணக்கும் மருத்துவ அறிவும் சோதிக்கப்படும் கணினித் தேர்வைப் பார்ப்போம்.

(தொடரும்)