கணனியும் மின்சக்தியும்: வினைத்திறன் மட்டும் போதுமா?

1946 இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணனி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களுடன் 150 கிலோவாற்று மின்வலுவை வேண்டிநின்றது. இன்றைய மடிக்கணனியோ சில பத்து வாற்றுகளில் அதனிலும் பன்மடங்கு விரைவாக இயங்குகின்றது. எனினும் கணனிகளின் மொத்த மின்நுகர்வு குறைந்ததில்லை. பெருந்தொகைக் கணனிகளைக் கொண்ட தரவு மையங்கள், அயர்லாந்தின் மின்மானிகளிற் பதிவான நுகர்வில் 2015 இல் 5 சதவீதத்தையும் 2023 இல் 21 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டன. அவ்வாண்டில் அந்நாட்டு நகர வீடுகள் அனைத்தும் நுகர்ந்தது 18 சதவீதமே.

சிக்கனமான நீராவிப்பொறி நிலக்கரி நுகர்வைப் பெருக்குவதைப் பொருளியலாளர் ஜெவொன்ஸ் 1865 இலேயே சுட்டிக்காட்டினார். அம்முரண்பாடே இங்கும் தொழிற்படுகின்றது: கணிப்பின் செலவு குறையக் குறைய அதன் அளவு பெருகுகின்றது. எனவே, பொறியியல் திருத்தங்களை வரவேற்கும் நாம், எவ்வளவு கணிப்பு, எவர் நலனுக்காக என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும்.