சாவண்டலையும் கிற்றாரின் கழுத்தும்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அண்டிய கிண்ணியாவிலும் அதன் அயலூரான குறிஞ்சாக்கேணியிலும் தச்சர்கள் காலநிலை பார்த்தே பலகை இழைப்பார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். வாடையோடு மாரி வந்துவிட்டால் அதே மரம் ஈரம் குடித்துப் பருக்கும். கதவு என்றால் ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடலாம். கிற்றாரின் கழுத்தை அப்படிச் சீவ முடியாது.

உருக்குக் கம்பி பூட்டிய கிற்றாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோ அளவில் இழுக்கின்றன. வாசிக்காத நேரத்திலும் அந்த இழுவை ஓய்வதில்லை. அதைத் தாங்கும் கழுத்தின் தடிப்போ இரண்டு சென்ரிமீற்றர்தான். அது ஒரு மில்லிமீற்றர் வளைந்தாலே தந்தி உயர்ந்து, விரல் நோகும், சுருதியும் பிசகும். கிற்றாரின் உடலுக்கு எந்த மரம் என்று வாங்குவோர் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கழுத்து மரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பல கிற்றார்கள் கெடுவது அந்த இடத்தில்தான்.

திருகோணமலைக்காரர்களுக்கு உடனே நினைவில் வரக்கூடிய மரம் சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய மர வணிகர்கள் இதைத் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து அது சென்னைக்குக் கப்பலேறியது. சென்னைக் கரையின் பேரலைகளில் ஓடிய மசுலாப் படகுகள் இந்த மரத்தால் ஆனவை என்று இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். சாராயப் பீப்பாய்க்கும் வண்டிகளின் ஏர்க்காலுக்கும் இதுவே விருப்பமான மரம். அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது.

அப்படியானால் கிற்றார்க் கழுத்துக்கும் இதுதானே பொருத்தம்? முழுக் கழுத்துக்கு இல்லை. படகுக்கு வேண்டியது அலை அடிக்கும் கணத்தில் வளைந்து, அடுத்த கணம் நிமிரும் குணம். கழுத்துக்கு வேண்டியது வளையாமலே இருக்கும் குணம். அதோடு சாவண்டலை, கழுத்துக்கு வழக்கமாகப் பயன்படும் மகோகனியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. இதில் முழுக் கழுத்தும் செய்தால் தலைப்பக்கம் கனத்துக் கீழே சாயும்; வாசிப்பவரின் இடக்கை அதைத் தாங்கியே களைத்துவிடும்.

மத்திய, தென் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி உலகமெங்கும் கிற்றார்க் கழுத்துக்கெனப் பெயரெடுத்ததன் காரணம் அதன் அசையாத தன்மை. ஈரம் வற்றும்போது எல்லா மரமும் சுருங்கும்; ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் ஒரு அளவு, மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இன்னொரு அளவு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் மரம் முறுக்கிக்கொள்ளும். பச்சை மரம் முற்றாகக் காயும்போது மகோகனியில் இவை முறையே 4.3, 2.9 வீதம். கடின மேப்பிளில் 9.9, 4.8. மேப்பிள் மகோகனியைவிட வலியது, அதன் ஒலியும் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் கச்சானும் மாரியும் மாறி மாறி வரும் கரைக்கு மகோகனியே நம்பகமானது. நைலோன் தந்தி பூட்டும் ஸ்பானிய கிற்றார்களுக்கு இன்னும் இலகுவான ‘ஸ்பானிஷ் சீடர்’ போதும். அங்கே இழுவை குறைவு.

காட்டு மகோகனி இனி எளிதில் கிடைக்காது. அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு கடக்க முடியாது. இலங்கையில் நட்டு வளர்த்த மகோகனி அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. இந்த நாட்டுக் கைவினைஞருக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் எந்த மரம் என்பதைவிட எப்படி அறுத்த மரம் என்பதே முக்கியம். பலகையின் வெட்டு முகத்தில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். இழை நேராக ஓட வேண்டும். வெளிறு ஒட்டியிருக்கக் கூடாது. நிழலில் அடுக்கி நன்றாக உலர வைத்த பிறகே உளி வைக்க வேண்டும். அவசரத்தில் அறுத்த மகோகனியைவிட ஆறப்போட்ட பலா மேலானது. தஞ்சாவூர் வீணை பலாவில் செய்யப்படுகிறது. அந்த நீண்ட தண்டியும் பலாதான்.

இதற்குமேல் மரத்துக்கு ஒரு துணையும் உண்டு. கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் உருக்குக் கம்பி அது. முடுக்கினால் தந்தியின் இழுவைக்கு எதிராக இழுக்கும். கிப்சன் கிற்றார் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். இன்னொரு கிற்றார் நிறுவனமான மார்ட்டின் முடுக்கக்கூடிய கம்பிக்கு மாறியது 1985இல்தான். இரண்டாம் உலகப் போரில் உருக்குத் தட்டுப்பாடு வந்தபோது மார்ட்டின் கழுத்துக்குள் வைத்தது கருங்காலிச் சட்டம். 

கருங்காலி இலங்கையின் வறண்ட வலயக் காடுகளில் வளரும் மரம். தேய்மானம் குறைந்தது என்பதால் விரல் படும் மேற்பலகைக்கு உலகில் மிக விரும்பப்படுவது. ஆனால் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பதை இலங்கை 1990இல் நிறுத்திவிட்டது. அது சரியான முடிவு. ஒரு கருங்காலி வைரம் கொள்ளப் பல தலைமுறை பிடிக்கும். பழைய வீட்டுத் தூண், உடைந்த தளவாடம் என்று கையில் இருப்பதைக் கொண்டு செய்வதே முறை.

இந்தக் கரையில் ஒருவர் கிற்றார் செய்ய முனைந்தால், தோட்டத்து மகோகனியை இரண்டாகப் பிளந்து, நடுவே நட்டு வளர்த்த சாவண்டலையின் மெல்லிய கீற்று ஒன்றை வைத்து ஒட்டுவதே நல்ல வழி. பாரம் அதிகம் ஏறாது. முறிவுக்கு எதிரான பலம் கூடும்.

கடையில் வாங்குவோர் செய்ய வேண்டியது சிறிய சோதனைதான். தடித்த தந்தியை, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான பிரெட்டுகளில் முதலாம் பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் உட்கம்பியை முடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடுக்கியும் நிமிராத கழுத்தை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.