தேனும் சாதிக்காயும் மருந்தாகும் இடம்

2020 டிசம்பரில், கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள கேகாலையின் ஹெட்டிமுல்ல கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். ஊரடங்கும் இடைவெளியும் பேசப்பட்ட அந்த நாட்களில் அவர்கள் தேடி வந்தது, கொரோனாவைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட ‘தம்மிக்க பாணி’. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அதைப் பகிரங்கமாகவே அருந்தினார். மறு மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. நாடு சிரித்துவிட்டு மறந்துவிட்டது. ஆனால் இணையத்தில் சத்து மாவும் மூலிகைத் தூளும் விற்கிற எவரும் அந்தப் பாணியை மறக்கக் கூடாது. அதில் இருந்ததாகச் சொல்லப்பட்டவை தேனும் சாதிக்காயும். இரண்டும் கண்டிப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. கலந்து விற்றால் அது உணவு. ‘நோயைக் குணமாக்கும்’ என்ற ஒரு சொல் சேர்ந்ததும் சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம், நோயைத் தீர்க்க, தணிக்க, தடுக்க உதவுவதாகக் காட்டி விற்கப்படும் பொருளையும் மருந்து என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்பவற்றை ‘எல்லைப் பொருட்கள்’ என்று தனியாகவும் கணக்கில் எடுக்கிறது. வெறும் உணவு என்றே வைத்துக்கொண்டாலும் தப்ப வழியில்லை: பொய்யாகவோ மயக்கும் விதமாகவோ உணவை விளம்பரப்படுத்துவதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே போத்தலுக்குள் இருப்பதைவிட முகநூல் பதிவில் இருப்பதே விற்பனையாளரை முதலில் சிக்கவைக்கும் என்பது என் வாதம். போத்தலைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் வேண்டும். பதிவைப் படிக்க ஒரு கைபேசி போதும்.

கண்டி, மாத்தளை, மாவனல்லை வீதியோரங்களில் இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் நெடுங்காலமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு எண்ணெயும் லேகியமும் விற்றுவருகின்றன. அங்கே வாயால் சொன்ன வாக்குறுதி காற்றோடு போய்விடும். அதே வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் எழுதி, கூரியரில் பொதியை அனுப்பிக் காசு வாங்கும்போது அது ஆதாரமாகிவிடுகிறது. மின்னணுத் தகவலுக்கும் ஒப்பந்தத்துக்கும் சட்ட வலு உண்டு என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் உறுதிசெய்திருக்கிறது. “நான் செய்யவில்லை, வாங்கித்தான் விற்கிறேன்” என்பதும் எடுபடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரி எவரும் ஏமாற்றும் விதமாக நடக்கக் கூடாது என்கிறது. இல்லாத பயனையோ இல்லாத அங்கீகாரத்தையோ பொருளுக்கு ஏற்றிச் சொல்வதும் அதில் அடங்கும். சிலர் அமெரிக்கப் போத்தல்களில் இருக்கும் ‘இது நோயைக் குணமாக்குவதற்கானதல்ல’ என்ற வரியைத் தங்கள் பக்கத்தில் அப்படியே ஒட்டிவைக்கிறார்கள். அது 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று அந்நாட்டு விற்பனையாளருக்கு விதித்த நிபந்தனை. இங்கே அது கவசமாகாது. மேலே ‘சீனி வருத்தம் போயே போச்சு’ என்று எழுதிவிட்டுக் கீழே இதைப் போடுவது, சொன்னது பொய் என்று தெரிந்தே சொன்னதற்குச் சாட்சியாகவும் முடியலாம்.

பாட்டி காலத்து வைத்தியத்துக்கு அனுமதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அந்த மரபுக்குக் கதவை அடைக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் தன்னுள் அடக்குகிறது. மருந்தென்று விற்க விரும்புபவர் அந்த வழியாக ஆயுர்வேதத் திணைக்களத்திடம் போகலாம். மரபின் பெயரைச் சொல்லி அந்த மரபுக்கே உரிய பரிசோதனையைத் தவிர்ப்பதுதான் பிரச்சினை. ‘இயற்கையானது’ என்ற அடைமொழிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கும் என்பதற்குச் சிபுட்ரமின் நல்ல உதாரணம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக் காரணமாக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட மெலிவு மருந்து அது. அதற்குப் பிறகும் ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட பல மெலிவு மாத்திரைகளில் அது கலந்திருந்ததை அமெரிக்க அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். பொதியில் பெயரே இல்லாத மருந்தை விற்ற சில்லறை வியாபாரிக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. விழுங்கியவருக்கோ அதைவிடவும் இல்லை.

வீட்டில் இருந்து சிறிதாகத் தொழில் செய்யும் பெண்களை இது நசுக்காதா என்பது கனமான ஆட்சேபம். சத்து மாவை சத்து மாவென்றே விற்பவருக்கு இதில் பெரிய பாரமில்லை: சேர்மானம், திகதி, முகவரி எழுதினால், கண்டி நகருக்குள் என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு தடவை விசாரித்தால், பெரும்பகுதி முடிந்துவிடும். பாரம் கூடுவது குணமாக்குவதாகச் சொல்ல ஆசைப்படும்போதுதான். யாருமே பிடிபடுவதில்லையே என்கிற எதிர்வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பெயரும் முகவரியும் இல்லாத பக்கம் இரவோடிரவாக மறைந்துவிடும். பரிசோதகர் கடைக்குள் நுழையலாம், இன்பொக்ஸுக்குள் எப்படி நுழைவார்? பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது மூன்று மாதம். வாங்கிய நாளிலிருந்து அதற்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பதிவின் திரைப்பிடிப்பும் கூரியர் துண்டும் வங்கிப் பற்றுச்சீட்டும் அதுவரை அழியாமல் இருந்தால்தான் அந்த முறைப்பாட்டுக்கு வலு உண்டு.