வட்டமாக அமைந்த ஒரு சிற்றூர்

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை மார்க்கமாகச் சென்னைக்கு வரும் ரயிலில் அமர்ந்திருப்போர், கிருஷ்ணராஜபுரம் நிலையத்தைக் கடந்த சற்று நேரத்திற்கெல்லாம் 'ஒயிட்பீல்டு' என்னும் பெயர்ப் பலகையைக் காண்பர். வெண்மையான வயல் என்று அதற்குப் பொருள் கொள்வாரும் உண்டு. அங்குள்ள மண்ணோ செம்மண்; வயலும் இப்போது அரிது. ஒயிட் என்பது ஒரு மனிதரின் பெயர். அப்பெயர் அவ்விடத்திற்கு வந்த வரலாற்றையும், அந்நிலத்தின் அமைப்பையும், அதில் குடியேறிய மக்களின் கதையையும் நாம் சேர்த்தே பார்த்தல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று விளங்காது.

முதலில் நிலம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மைசூர்ப் பீடபூமியின் ஒரு பகுதி இது. பெங்களூர் நகரின் நடுவிலிருந்து கிழக்கே சுமார் 17 கிலோமீட்டர். வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பெய்யும் மழையை ஏரிகளில் தேக்கி வைத்தே மக்கள் பிழைத்து வந்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கீழுள்ள அடுத்த ஏரிக்குப் போகும். இவ்வாறு சங்கிலி போலத் தொடர்ந்து வர்த்தூர் ஏரியை அடைந்து, பின் தட்சிண பினாகினியில் கலக்கும். அந்த ஆறுதான் ஓசூர், கிருஷ்ணகிரி வழியே வந்து கடலூருக்கு அருகில் கடலில் சேரும் நம் தென்பெண்ணை. இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ள 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தமிழில் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பட்டந்தூர் ஏரி அமைக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. அரசன் வென்ற நாடுகளைவிட அந்த ஏரியே அவ்வூராருக்குப் பெரிதாயிருந்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

காடுகோடி, ஹூடி, வர்த்தூர், நல்லூரஹள்ளி முதலிய பழைய கிராமங்களுக்கு இடையே, 1882ஆம் ஆண்டில் ஒரு புதிய குடியேற்றத்திற்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான், ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த மைசூர் சமஸ்தானம் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் 3,900 ஏக்கர் நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஆறு சதுர மைல் பரப்பை, யூரேஷியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்திற்கு வழங்கினார். அச்சங்கத்தை முன்னின்று நடத்தியவரே டி. எஸ். ஒயிட்.

ஐரோப்பியத் தந்தைவழியும் இந்தியத் தாய்வழியும் கொண்ட இச்சமூகத்தார் அக்காலத்தில் ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய இலாகாக்களையே நம்பியிருந்தனர். உயர்ந்த உத்தியோகங்கள் ஆங்கிலேயருக்கென இருந்தன. தாழ்ந்தவற்றுக்கோ கல்வி கற்ற இந்தியர் போட்டியிடலாயினர். பிறர் தயவில் கிடைக்கும் சம்பளத்தை நம்பாமல், சொந்த மண்ணில் உழுது வாழும் ஒரு குடியானவச் சமூகமாகத் தம் மக்கள் மாற வேண்டும் என்பது ஒயிட்டின் எண்ணம். அது நல்ல எண்ணமே. ஆனால் மண்ணின் குணத்தை அது போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஊரின் அமைப்பு நம் கிராமங்களைப் போன்றதன்று. கோயிலையோ குளத்தையோ ஒட்டித் தெருக்கள் தாமாக வளரவில்லை. நடுவே ஒரு திறந்தவெளி. அதைச் சுற்றி வட்டமான பாதை. பாதையோரம் பெரிய தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடுகள். இதற்கு 'இன்னர் சர்க்கிள்' என்று பெயர். அதற்கு வெளியே மற்றொரு வட்டம், 'அவுட்டர் சர்க்கிள்'. காகிதத்தில் வரைந்து, பின்னர் தரையில் அமைத்த ஊர் என்பது பார்த்தவுடனேயே புலப்படும். தோட்டங்களில் மாவும் கொய்யாவும் நன்கு வளர்ந்தன.

பழ மரம் வேறு, பயிர் வேறு. ஏரிப் பாசனத்தில் அடங்கிய நல்ல நிலங்கள் கன்னடக் குடியானவர் கையில் தலைமுறைகளாக இருந்தவை; புதியவர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் வானம் பார்த்த மேட்டு நிலம் என்று எண்ண இடமுண்டு. கிணறு வெட்டி இறைத்துப் பயிரிடுவதோ செலவும் பழக்கமும் வேண்டும் தொழில். அதே சமயத்தில் கோலார் தங்க வயல் வளர்ந்து வந்தது. ரயில்வேயும் ஆட்களை அழைத்தது. இளைஞர் அங்கே போயினர். முதுமையில் ஓய்வூதியத்துடன் திரும்பி வந்தனர். உழவர் ஊராக எண்ணப்பட்டது, ஓய்வு பெற்றோர் ஊராயிற்று. 1947க்குப் பின் இச்சமூகத்தைச் சேர்ந்த பல குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறின. விற்கப்பட்ட வீடுகள் பிறர் கைக்கு மாறின.

எத்தனை பேர் போயினர், எத்தனை பேர் இருக்கின்றனர் என்பது வெறும் புள்ளி விவரம் அன்று. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை நம் அரசியலமைப்பின் 366ஆம் விதி வரையறுக்கிறது. மக்களவையில் அவர்களுக்கென இருவரை நியமிக்கவும் அரசியலமைப்பு இடம் தந்திருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் அவர்கள் 296 பேரே என்று 2019இல் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அச்சமூகத்தார் இதைக் கடுமையாக மறுத்து, தங்கள் தொகை இலட்சங்களில் என்றனர். நம் ரயில்வே ஊர்களை அறிந்த எவருக்கும் 296 என்ற எண் நம்பத்தக்கதாகத் தோன்றாது. ஆயினும் 2020 ஜனவரி 25 முதல் அந்த நியமன இடங்கள் நின்றுவிட்டன.

இனி நகரம் வந்த கதை. அது யாவரும் அறிந்ததே. 1990களில் இங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. அதன் பின் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். நம்மவரும் அவர்களுள் ஏராளம். 2007இல் இப்பகுதி பெங்களூர் மாநகராட்சியில் சேர்ந்தது. 2023இல் மெட்ரோ ரயில் காடுகோடி வரை வந்தது. சில தெருக்களே கொண்டிருந்த ஊரின் பெயர், அதைச் சூழ்ந்த கிராமங்கள் அனைத்திற்கும் பொதுப் பெயராகிவிட்டது.

நிலம் மட்டும் மாறவில்லை. ஆறில்லாத மேட்டில் நூறு குடும்பத்திற்கே நீர் தேடுவது எளிதன்று. அடுக்கு மாடிகளில் வாழும் பெருந்தொகைக்கு எப்படிக் கிடைக்கும்? ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பின் அவையும் ஆழத்தில் வற்றின. 2024 கோடையில் இங்குள்ள குடியிருப்புகள் பல, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. அதே வேளையில் நகரத்துக் கழிவு நீர் பாய்ந்த வர்த்தூர் ஏரியின் கலிங்கில் நுரை பொங்கி, காற்றில் பறந்து, சாலையில் செல்வோர் மேல் விழுந்த ஆண்டுகளும் உண்டு. ஏரி நிறைந்திருந்தும் குடிக்க நீர் இல்லை.

2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது. மாநகராட்சியோடு இணைந்த 110 கிராமங்களுக்கென ஏற்பட்ட திட்டம் இது. ஒயிட்பீல்டைச் சூழ்ந்த கிராமங்களும் அவற்றுள் அடங்கும். அந்நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்திற்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. வானத்திலிருந்து இம்மேட்டில் விழும் மழையில், ஏரிகள் பிடித்து வைத்தது போக மிஞ்சியது, முன்போலவே தென்பெண்ணைப் பக்கம் சரிந்து போய்க்கொண்டிருக்கிறது.