வெல்லவா, அறியவா?

தத்துவ விவாதம் என்று இன்று ஒரே பெயரால் குறிக்கப்படும் செயலைப் பழைய இந்திய அளவைநூலார், அதாவது அறிவு எவ்வழியில் உறுதிப்படுகிறது என்பதை ஆராய்ந்த தருக்க அறிஞர்கள், மூன்றாகப் பிரித்தே வைத்திருந்தனர். கௌதமர் பெயரில் வழங்கும் நியாய சூத்திரம், ஒரு கொள்கையையும் அதன் மறுதலையையும் சான்றுகளோடு எடைபோடுவதை வாதம் என்றும், வெற்றிக்காகச் சொற்புரட்டையும் போலி மறுப்பையும்கூடக் கையாளுவதை ஜல்பம் என்றும், தன் கொள்கையை நிறுவாமலே எதிராளியுடையதைத் தகர்ப்பதை விதண்டை என்றும் வகுக்கிறது. இம்மூன்றில் விதண்டை மட்டுமே வீட்டுப் பேச்சுவரை வந்து சேர்ந்திருப்பது சற்று வருந்தத்தக்கதே.

நூல்களில் சலம் எனப்படும் சொற்புரட்டுக்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் எடுத்துக்காட்டு இன்றும் பழசாகவில்லை. ‘நவ’ என்னும் வடசொல் புதியது, ஒன்பது என இருபொருள் தருவதால், ஒரு சிறுவனிடம் புதுக் கம்பளம் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் உடனே, ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே என்று மடக்குகிறார். சொன்னவரின் கருத்து மடக்கியவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் நிற்பதே அங்கே திறமையாகிவிடுகிறது.

வாதத்துக்கும் ஜல்பத்துக்கும் உள்ள வேறுபாடு குரலின் மென்மையிலோ பேச்சின் பணிவிலோ இல்லை, எந்தப் பிழை கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. எதிராளி மும்முறை சொல்லி அவையும் விளங்கிக்கொண்ட கூற்றைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நிற்பது, வேறு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி நழுவுவது என நியாய சூத்திரம் 22 தோல்வி நிலைகளை அடுக்குகிறது. ஆனால் வாதத்தில், காட்டிய காரணம் போலியாயிருத்தல், தன் சித்தாந்தத்துக்கே மாறாகப் பேசுதல் போன்ற, ஆராயும் பொருளையே பாதிக்கும் சில பிழைகளை மட்டுமே சுட்டலாம் என்று உரைமரபு வரம்பு கட்டியது. ஒருவர் நா தடுமாறியதால் அவர் கருத்து பொய்யாகிவிடாது என்ற எளிய உண்மையை இந்த வரம்பு காப்பாற்றுகிறது.

மருத்துவ நூலான சரக சம்ஹிதை இதே பிரிவை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. துறையறிந்தவர்கள் கூடிப் பேசுவதை அது நட்பு உரையாடல், பகை உரையாடல் என இரண்டாக்கி, முன்னதில் தோல்விக்கு அஞ்சாமல் கேட்கவேண்டும், கேட்டவருக்கு மறைக்காமல் விளக்கவேண்டும், மற்றவர் தடுமாறினால் மகிழக்கூடாது என்கிறது. பின்னதற்கோ அது சொல்லும் உத்திகள் திடுக்கிட வைப்பவை: கல்வி குறைந்தவரை நீண்ட சூத்திரங்களை ஓதித் திணறடிப்பது, நினைவாற்றல் இல்லாதவரை நெடுவாக்கியங்களால் குழப்புவது, அஞ்சுபவரை மிரட்டுவது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட துறையிலேயே இவ்வளவு நடந்திருக்கிறது என்றால், ஆன்மா உண்டா இல்லையா என்ற வழக்கில் என்னதான் நடந்திராது!

ஜல்பத்தை நியாய சூத்திரம் முற்றிலும் விலக்கவும் இல்லை; முளைவிட்ட பயிரை முள்வேலி காப்பதுபோல், கண்டடைந்த உண்மையைக் காக்க அது உதவும் என்று இடம் தருகிறது. விதண்டையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தனக்கென்று நிலைநாட்டும் கொள்கை எதுவும் இல்லை என்ற பௌத்த அறிஞர் நாகார்ஜுனரை வெறும் வம்புக்காரர் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அறிவதற்காகக் கேட்பது, வெல்வதற்காக வாதிடுவது என்னும் இரு போக்கும் தமிழில் தனித்தனி நூல்களில் காணக்கிடைக்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் மாற்றுருக் கொண்டு நிற்கும் நாயகி, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். பூதவாதியிடம் மட்டும் மறுத்துப் பேசுகிறாளே தவிர, பெரும்பாலும் காது கொடுப்பதே அவள் வேலையாக இருக்கிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூலான நீலகேசியின் நாயகியோ, குண்டலகேசியையே நேருக்கு நேர் வாதுக்கு அழைத்து வெல்கிறாள். குண்டலகேசிக் காப்பியம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் நாயகி எப்படி வாதிட்டிருப்பாள் என்று அறிய விரும்புவோர், அவளைத் தோற்கடிப்பதற்கென்றே எழுதப்பட்ட நீலகேசியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.