ஒரே ‘க’, மூன்று ராகங்கள்

கர்நாடக இசை ரசிகர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மேளகர்த்தா ராகம். தமிழில் எழுதினால் முதல் எழுத்து க வரிசை, இரண்டாவது ர வரிசை. எந்த ராகம்?” சட்டென்று ஒருவர் கரகரப்ரியா என்பார். இன்னொருவர் கீரவாணி என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாமவர் கௌரிமனோகரி என்பார். மூன்றும் சரி. அதைவிட வேடிக்கை, 72 மேளகர்த்தா ராகங்களின் வரிசையில் இந்த மூன்றும் 21, 22, 23 என்று அடுத்தடுத்து நிற்கின்றன. தற்செயலாக அமைந்ததில்லை இது. பெயர் வைத்தவர்கள் கணக்குப் பார்த்தே வைத்தார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு ராகத்தைத் தேடும் இந்த மாதிரிப் புதிர்களை, சபா கேண்டீனில் காபி ஆறும்வரை ஓடும் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நன்றாகப் போட்ட புதிர், சேர்ந்து உட்கார்ந்து அவிழ்க்கப்பட்டால், காதுக்கே பயிற்சியாகிறது என்பது என் கட்சி.

பெயருக்குள் எண்ணை ஒளித்துவைக்கும் இந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். வடமொழி மெய்யெழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போவதுதான் அது. க வர்க்கத்தின் நான்கு க-வுக்கும் ங-வுக்கும் 1 முதல் 5. அடுத்து ச வர்க்கம் 6 முதல் 9 வரை போய் ஞ-வில் பூஜ்யம். ட-வில் மறுபடி 1 தொடங்கி, த வர்க்கத்தின் ந-வில் பூஜ்யம். ப முதல் ம வரை 1 முதல் 5. பிறகு ய, ர, ல, வ, மூன்று வகைச் சகரங்கள், ஹ ஆகியவற்றுக்கு 1 முதல் 8. க, ட, ப, ய நான்கும் ஒன்றில் தொடங்குவதால் கடபயாதி. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் கிடைத்துவிடும். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. 51-ஐத் திருப்பினால் 15. இது இசைக்காரர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. கேரளத்து வானியல் கணக்கர்கள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி ‘நாராயணீயம்’ முடித்த நாள் கலியுகத்தின் 17,12,210-ஆவது நாள் என்பதை, அந்நூலின் கடைசிச் சொற்களே இந்த முறையில் சொல்லிவிடுகின்றன. நம் கணக்கில் அது 1586-ஆம் ஆண்டு.

இப்போது அந்த மூன்று ராகங்களுக்குத் திரும்பலாம். கீரவாணியில் இருப்பது முதல் க, அதற்கு 1. கரகரப்ரியாவில் இரண்டாவது க, மூச்சை அழுத்தி உச்சரிக்க வேண்டியது, அதற்கு 2. கௌரியில் மூன்றாவது க, அதற்கு 3. ர எங்கும் 2. ஆகவே 21, 22, 23. தமிழ் எழுத்து இந்த மூன்று க-வையும் ஒன்றாகவே காட்டும். அதனால்தான் இசைப் புத்தகங்கள் சிலவற்றில் க-வின் தலையில் சின்னதாக 2, 3, 4 என்று போட்டிருப்பார்கள். எண் வந்ததோடு புதிர் முடிந்துவிட்டது என்று எழுந்துபோகிறவர்கள்தான் இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். உண்மையில் அங்கேதான் அது ஆரம்பிக்கிறது. 72 மேளங்களும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அடங்கும். 21, 22, 23 மூன்றும் நான்காவது சக்கரம். வேதம் நான்கு என்பதால் அதன் பெயர் வேத சக்கரம். (மூன்றாவது அக்னி, ஏழாவது ரிஷி, எட்டாவது வசு, பன்னிரண்டாவது ஆதித்ய. சக்கரங்களின் பெயரும் புதிர்தான்.) ஒரு சக்கரத்துக்குள் ரிஷபமும் காந்தாரமும் மாறுவதில்லை, தைவத நிஷாதங்கள்தான் மாறும். எனவே மூன்று ராகங்களுக்கும் பஞ்சமம் வரை வழி ஒன்றே. அதன்பின் கீரவாணிக்குச் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும். கரகரப்ரியாவுக்குச் சதுச்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும். கௌரிமனோகரி முன்னதன் நிஷாதத்தையும் பின்னதன் தைவதத்தையும் எடுத்துக்கொள்கிறது. பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை மூன்றையும் ஒருவர் அடுத்தடுத்துப் பாடிக் காட்டட்டும். கௌரிமனோகரி கீரவாணி மாதிரியும் கேட்கிறதே, கரகரப்ரியா மாதிரியும் கேட்கிறதே என்று நெடுநாள் குழம்பிய ரசிகருக்கு, எந்த இடத்தில் எந்த ஸ்வரம் தன்னைக் குழப்பியது என்பது அப்போது பிடிபடும்.

இதற்குக் கூட்டாளிகள் ஏன் வேண்டும் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. வடமொழி உச்சரிப்பு தெரிந்தவருக்குப் பாட வராமல் இருக்கலாம். பாடக்கூடியவருக்குச் சக்கரக் கணக்கு மறந்திருக்கலாம். இரண்டுமே தெரியாத ஒருவர், நாற்பது வருடம் கச்சேரி கேட்ட பழக்கத்தில், “இது அந்த ராகம் இல்லை” என்று மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியவராக இருப்பார். புதிர் இவர்களை ஒருவரை ஒருவர் கேட்க வைக்கிறது. அதிலும் சுவையான சண்டை வருவது கூட்டெழுத்துகளில்தான். சக்ரவாகம் 16-ஆவது மேளம், சூர்யகாந்தம் 17-ஆவது. சக்ரவில் ச 6. ‘க்ர’ என்பதில் க-வை எடுத்தால் 1, ர-வை எடுத்தால் 2. 16 வர வேண்டுமானால் முன்னால் நிற்கும் க-வை எடுக்க வேண்டும். சரி, முதல் மெய்யை எடுப்பது விதி என்று எழுதிக்கொண்டு அடுத்த ராகத்துக்குப் போனால், சூர்யவில் ஸ 7. ‘ர்ய’ என்பதில் முன்னால் நிற்கும் ர-வை எடுத்தால் 27 ஆகி, அது சரசாங்கியின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பின்னால் நிற்கும் ய-வை எடுத்தால்தான் 17. ரத்னாங்கி, தர்மவதி இரண்டும் சூர்யகாந்தத்தின் கட்சி. திவ்யமணி, சித்ராம்பரி இரண்டும் சக்ரவாகத்தின் கட்சி. வானியல் கணக்கர்கள் கடைசி மெய்யைத்தான் எடுப்பார்கள். இசையில் பெயர் வைத்தவர்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள் என்று சொல்வதைவிட மரியாதையான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வளைப்பே ஒரு வரலாற்றுச் சான்று. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி தம் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்கள் சாத்தியம் என்று கணக்குக் காட்டினார், அவற்றில் வழக்கில் இருந்தவை என்று அவர் கொண்டவை 19 மட்டுமே. கணக்கில் அடங்கும்படியான பெயர்கள் அதற்குப் பின்னால் வந்தவை. ராகங்களோ அதற்கு முன்பே பாட்டில் இருந்தவை. சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’, கல்யாணிக்கு முன்னால் ‘மேச’, தோடிக்கு முன்னால் ‘ஹனும’ என்று சொற்கள் ஒட்டிக்கொண்டது 29, 65, 8 என்ற எண்களுக்காக. தீட்சிதர் பரம்பரை பின்பற்றும் இன்னொரு பட்டியலில் அதே கல்யாணிக்கு முன்னால் ‘சாந்த’, அதே தோடிக்கு முன்னால் ‘ஜன’. எண் மாறவில்லை, ஒட்டு மட்டும் வேறு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது நல்ல புதிர். ஒட்டைக் கழற்றினால் மிஞ்சுவது, பெயர் சூட்டியவர்களுக்கு முன்பே வாழ்ந்துகொண்டிருந்த ராகம்.

பாட்டைக் கேட்டு உருக வேண்டியவர்கள் எழுத்தை எண்ணிக்கொண்டிருப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டை இயற்றியவர்களே எண்ணினார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பதில். முத்துஸ்வாமி தீட்சிதர் தம் கிருதிகள் பலவற்றில் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்தின் சொற்களுக்குள்ளேயே கோத்துவைத்தார். கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் முருகன் மேல் தமிழில் பாடியபோது, ராகப் பெயர் பொருளோடு பொருந்தி வரும்படி நெய்தார். ஸ்வரத்தின் எழுத்தும் சாகித்தியத்தின் எழுத்தும் ஒன்றாக வருவது ஸ்வராக்ஷரம். பஞ்சமத்தில் ‘பா’, மத்திமத்தில் ‘மா’ என்று இரண்டும் ஒரே இடத்தில் விழும். எழுத்து அப்படியே பொருந்தினால் சுத்தம், சாயலாகப் பொருந்தினால் சூசிதம் என்று அதற்குள்ளும் தரம் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே கிறுக்கு உண்டு. ஜெர்மானியர்கள் ஸ்வரங்களை எழுத்தால் குறிப்பதால், பாக் தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஸ்வரமாக்கி, ‘ஆர்ட் ஆஃப் ஃபியூக்’ நூலின் முடிவுறாத கடைசிப் பகுதியில் வைத்தார். ஷூமான் தம் முதல் பிரசுரத்துக்கே ‘அபெக்’ என்ற குடும்பப் பெயரின் எழுத்துகளை மெட்டாக்கினார். ஷோஸ்டகோவிச் 1953-இல் வந்த பத்தாம் சிம்பொனியில் தம் பெயரெழுத்துகளை இசையாக ஒலிக்க வைத்தார். இவர்களில் யாரும் உணர்ச்சி வறண்டவர்கள் என்று எவரும் சொன்னதில்லை.

இது வடமொழி தெரிந்தவர்களின் ஆட்டம்தானே என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்தால், சாருகேசியும் சரசாங்கியும் தமிழ் வாசகருக்கு ஒரே ச-ர தான். ஆனால் அந்தக் குழப்பமே நல்ல புதிரின் விதை. இரண்டின் எண்களும் 26, 27 என்று அடுத்தடுத்து வருவதைத் தமிழ் எழுத்தில் படிப்பவர்தான் முதலில் கவனிப்பார். தவிர, ஏழிசைக்கு எழுத்துக் கொடுக்கும் வழக்கம் தமிழில் தனியாகவே உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழுக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்ற ஏழு நெடில்களைத் திவாகர நிகண்டு சொல்கிறது. இதை வைத்துப் புதிர் போடுகிறவர்கள் ஏனோ குறைவு.

எல்லாப் புதிரும் நல்ல புதிர் என்று நான் சொல்லவரவில்லை. “ப்ரியா என்று முடியும் மேளகர்த்தா எத்தனை?” என்பதற்குப் பன்னிரண்டு என்று பதில் சொல்லிவிட்டால் அதற்குமேல் அதில் சாரம் இல்லை. அந்த மாதிரிக் கேள்விக்குக் கைபேசியே போதும். பதிலைப் பாடிக் காட்டினால்தான் நிரூபணம் ஆகும் என்ற கேள்வி கைபேசிக்குச் சரிப்படாது.

கனமான ஆட்சேபணை ஒன்று மிச்சம் இருக்கிறது. எண் ஸ்வரங்களைச் சொல்லும், ராகத்தைச் சொல்லாது. தோடி 8 என்று தெரிந்தவருக்குத் தோடியின் காந்தாரம் எப்படி அசையும் என்பது தெரிந்ததாகாது. சகானாவுக்கும் பேகடைக்கும் எந்த எழுத்துக் கணக்கும் வழி காட்டாது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதும் புதிர்தான். நடபைரவி 20-ஆவது மேளம். அதன் ட இரண்டாவது ட என்று கொண்டால்தான் அந்த எண் வரும், இல்லாவிட்டால் நாடகப்ரியாவின் 10 ஆகிவிடும். பைரவி அதன் பிள்ளை என்று பட்டியல் சொல்கிறது. 20-க்குரிய தைவதம் சுத்த தைவதம் ஒன்றுதான். பைரவியைப் பாடச் சொன்னால் ஏறும்போது சதுச்ருதி தைவதம் வருகிறது. கணக்கு எங்கே பிசகியது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார், கணக்குப் பிசகவில்லை, பைரவி பட்டியலுக்கு முந்தியது என்று இன்னொருவர் சொல்வார், அதைக் காட்டுவதற்காகப் பாடத் தெரிந்தவர் மறுபடி பஞ்சமத்திலிருந்து ஆரம்பிப்பார்.